பொதுநிலத்தின் காவலர்: கிபோட் பின்ஷோ

கோயிற் காணிக்குத் தர்மகர்த்தா உண்டு. சீதனக் காணிக்கு உரியவள் உண்டு. தோட்டக் காணிக்கு வேலியும், வேலியின் பெயரால் வழக்கும் உண்டு. முடிக்குரிய காணி என்று நாம் நெடுங்காலம் வழங்கிவந்த அரசாங்க நிலத்துக்கு உடையவன் யார் என்று வினவினால், எல்லாரும் என்று சிலர் கூறுவர். ஒருவருமில்லை என்று பலர் எண்ணி நடப்பர். இவ்விரு விடைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தைத் தம் வாழ்நாள் முழுவதும் நடந்து அளந்த ஒருவரின் வரலாற்றையே இங்குக் கூறப் புகுகின்றேன். அவர் நம் நாட்டவரல்லர். அமெரிக்க ஐக்கிய நாட்டிலே 1865ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 11ஆந் திகதி பிறந்த கிபோட் பின்ஷோ என்பார் அவர்.

குடியியல் கற்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில், அரசாங்கச் சொத்து என்னும் பாடத்தை நடத்துந்தோறும் மாணவர் முகத்திலே சோர்வு படர்வதை நான் கண்டிருக்கின்றேன். சட்டப் பிரிவுகள் தாமாகப் பேசுவதில்லை. அவற்றை ஆக்கவும் காக்கவும் முனைந்த மனிதரைக் காட்டினால் அவை பேசத் தொடங்கும் என்பது என் துணிபு. பின்ஷோவின் வாழ்க்கை அதற்குத் தக்க சான்று. அவருடைய வெற்றிகளும் சான்று, அவர் காணத் தவறியவையும் சான்று.

அவருடைய முன்னோர் பிரான்சிலிருந்து 1816இற் குடிபெயர்ந்து, பென்சில்வேனியா மாநிலத்து மில்போட் என்னும் ஊரிலே குடியேறியவர்கள். பாட்டனார் காடுகளை வாங்கி மரங்களை வெட்டி ஆற்றிலே மிதக்கவிட்டு விற்றுப் பொருள் சேர்த்தார். வெட்டிய இடத்தில் மீண்டும் மரம் வளருமா என்று அக்காலத்தில் எவரும் கேட்டதில்லை. தந்தையார் ஜேம்ஸ் பின்ஷோ நியூயோர்க்கிலே சுவரொட்டுத் தாள் வணிகத்திற் செல்வம் ஈட்டியவர். ஊர் திரும்பியபோதெல்லாம் மொட்டையாய்க் கிடந்த குன்றுகள் அவர் கண்ணை உறுத்தின போலும். 1885இல் மகன் யேல் சர்வகலாசாலைக்குப் புறப்படும் வேளையில், காட்டியல் கற்று அதனையே தொழிலாகக் கொள்ள விருப்பமா என்று அவர் வினவினார். அந்நாளில் அமெரிக்காவிலே அத்தொழிலைச் செய்வார் இல்லை. கற்பிக்கும் கல்லூரியும் இல்லை. இல்லாத ஒரு தொழிலைத் தம் மகனுக்குக் காட்டிய அத்தந்தையின் துணிவை நான் எண்ணி எண்ணி வியப்பதுண்டு.

1889இற் பட்டம் பெற்ற பின்ஷோ கடல் கடந்து ஐரோப்பா சென்றார். அங்கே அவருக்கு வாய்த்த வழிகாட்டி டீற்றிச் பிராண்டிஸ் என்னும் ஜேர்மன் அறிஞர். பிராண்டிஸ் பர்மாவின் தேக்கங் காடுகளைப் பராமரித்து, 1864 முதல் பிரித்தானிய இந்தியாவின் வனப் பகுதித் தலைவராக விளங்கி, 1883இல் இளைப்பாறியவர். அவர் வாக்கின்படி பின்ஷோ பிரான்சின் நான்சி நகரத்துக் காட்டியற் கல்லூரியிலே பயின்றார். சுவிற்சலாந்திலும் ஜேர்மனியிலும் நூற்றாண்டுகளாகப் பேணப்பட்டுவரும் காடுகளைக் கண்டார். ஆண்டுதோறும் வெட்டியும் காடு அழியாதிருத்தல் கூடும் என்பதை அவர் நூலினாலன்றிக் கண்ணாலேயே அறிந்துகொண்டார்.

பிராண்டிஸ் என்னும் பெயர் நமக்கும் அயலானதன்று. சென்னை மாகாணத்தின் 1882ஆம் ஆண்டுக் காட்டுச் சட்டம் உருவாகும்போது ஆலோசனை கூற அழைக்கப்பட்டவர் அவரே. கிராமத்தாருக்கு அயற் காட்டின் மீதுள்ள வழமையான உரிமைகளை எவ்வளவு ஏற்பது என்பதே அங்கு எழுந்த பெரும் பிணக்கு. இலங்கையிலும் 1840ஆம் ஆண்டின் சட்டம், காடும் தரிசும் மாறாக நிறுவப்படும்வரை முடிக்குரியன என்று கொண்டது. இங்குள்ள காடுகளை ஆராய்ந்து 1882இல் அறிக்கை எழுதிய வின்சென்ற் என்பவரும் இந்திய வனப் பகுதியிலிருந்து வந்தவரே. 1885இல் இலங்கைக்குக் காட்டுச் சட்டம் பிறந்தது. எனவே பின்ஷோ கற்ற பாடமும் நம் காடுகளுக்கு எழுதப்பட்ட விதியும் ஒரே பள்ளியிற் பிறந்தவை எனலாம். இதனை வாசகர் மனத்திற் கொண்டு மேலே செல்வாராக.

அவர் தாயகம் திரும்பியபோது அங்கே பொதுநிலம் இருந்த நிலை யாது? மத்திய அரசாங்கத்தின் கையில் மேற்றிசையிலே அளவிறந்த நிலம் இருந்தது. அதனை எவ்வளவு விரைவிற் பிறர் கைக்கு மாற்றலாம் என்பதே அரசாங்கத்தின் நோக்கம். 1862ஆம் ஆண்டுச் சட்டம் குடியேறி உழுவாருக்கு 160 ஏக்கர் அளித்தது. அதனால் ஏழைகள் பலர் வாழ்ந்தனர் என்பதை மறுத்தற்கில்லை. ஆனால் புகையிரதக் கம்பனிகளுக்கு ஏறக்குறைய 13 கோடி ஏக்கர் வாரி வழங்கப்பட்டது. 1878ஆம் ஆண்டுச் சட்டமொன்று காட்டுநிலத்தை ஏக்கர் இரண்டரை டொலர் வீதம் 160 ஏக்கராக விற்க இடமளித்தது. சிறு குடியானவனுக்கென வகுத்த அவ்வழியாலே மரக் கம்பனிகள் நுழைந்தன. கூலிக்கு அமர்த்திய ஆட்கள் வரிசையாக நின்று விண்ணப்பம் எழுதிக்கொடுப்பர். உறுதி கைக்கு வந்ததும் அதனைக் கம்பனிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுச் செல்வர். ஒறெகன் மாநிலத்திலே இம்மோசடி பின்னர் வெளிப்பட்டபோது, செனற் சபை உறுப்பினரான மிச்செல் என்பவரே 1905இற் குற்றவாளியாகக் காணப்பட்டார். எல்லாருக்கும் உரியது என்று ஏட்டில் இருந்த நிலம், காவலின்மையால் எவ்வாறு சிலருக்கே உரியதாயிற்று என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பின்ஷோ தமது தொழிலை ஒரு தனவந்தரின் நிலத்திலே தொடங்கினார். 1892இல் வட கரோலினாவில் ஜோர்ஜ் வாண்டர்பில்ற் என்னும் செல்வரின் பில்ற்மோர் தோட்டக் காட்டை ஒழுங்குமுறைப்படி பேணும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அக்காலத்திலேயே அவர் நெஞ்சில் ஆறாத புண்ணொன்றும் உண்டாயிற்று. அவர் மணக்க எண்ணியிருந்த லோறா ஹௌட்லிங் என்னும் நங்கை 1894இற் சயரோகத்தால் இறந்தாள். அதன்பின் இருபது ஆண்டுகள் அவர் மணஞ் செய்யவில்லை. அவள் ஆவி தம்முடன் இருக்கின்றதென்று நம்பி, அதனைத் தம் நாட்குறிப்பிலே குறித்துவந்தார். வெளியுலகிலே கணக்கும் சட்டமுமாய் நின்ற மனிதரின் உள்ளே இப்படியொரு தனிமை இருந்தது.

இதற்கிடையில் அரசாங்கத்தின் எண்ணமும் மெல்ல மாறத் தொடங்கிற்று. 1891இல் நிறைவேறிய சட்டமொன்றின் சிறு பிரிவு, பொதுநிலத்திலுள்ள காட்டை விற்காது ஒதுக்கிவைக்கும் அதிகாரத்தை ஜனாதிபதிக்கு அளித்தது. 1897இல் அவ்வொதுக்கக் காடுகளை எந்நோக்கத்துக்காக எவ்வாறு ஆளுவது என்பதை மற்றொரு சட்டம் வகுத்தது. ஆயினும் ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. ஒதுக்கக் காடுகள் உள்நாட்டு இலாகாவின் நிலக் கந்தோரின் கீழ் இருந்தன; காட்டியல் அறிந்தோரோ விவசாய இலாகாவிலே இருந்தனர். காடு ஓரிடத்தில், காட்டை அறிந்தவர் வேறோரிடத்தில். 1898இல் விவசாய இலாகாவின் காட்டியற் பிரிவுக்குத் தலைவராக நியமிக்கப்பட்ட பின்ஷோவின் அதிகாரத்தில் ஒரு மரந்தானும் இருக்கவில்லை.

வெறும் பதவியைப் பெற்றவர் வாளாவிருக்கவில்லை. தனியார் காடுகளுக்கு ஆலோசனை கூறித் தமது பிரிவின் பெயரை நாட்டினான். 1900இல் அவர் குடும்பத்தார் அளித்த நன்கொடையால் யேலிலே காட்டியற் பள்ளி தோன்றிற்று. அவ்வாண்டிலேயே காட்டியலாளர் சங்கமும் நிறுவப்பெற்றது. இன்னொரு நட்பும் துணைநின்றது. நியூயோர்க் மாநிலத் தேசாதிபதியாயிருந்த தியடோர் றூஸ்வெல்ற்றைக் காணச் சென்றபோது இருவரும் குத்துச்சண்டையில் இறங்கியதாகவும், தாம் றூஸ்வெல்ற்றை வீழ்த்தியதாகவும் பின்ஷோ தம் வரலாற்றிற் குறிக்கின்றார். அந்த நண்பர் 1901 செப்டெம்பரில் நாட்டின் ஜனாதிபதியானார்.

1905ஆம் ஆண்டு பெப்ரவரி 1ஆந் திகதி காடுகள் யாவும் விவசாய இலாகாவுக்கு மாற்றப்பட்டன. அன்றைய தினமே அமைச்சர் வில்சனின் கையொப்பத்துடன் பின்ஷோவுக்கு ஒரு கட்டளைக் கடிதம் வந்தது. அக்கடிதத்தை வரைந்தவர் பின்ஷோவேதான்! தமக்குத் தாமே கட்டளை எழுதிக்கொண்ட உத்தியோகத்தர் உலகில் மிகச் சிலரே. எழுதியபடி நடந்தவர் அவர்களினும் சிலர். காடு பயன்படுத்தற்கே உரியது. ஆனால் பயன் குன்றாமற் பயன்படுத்த வேண்டும். உள்ளூர் வினாக்கள் உள்ளூர் நிலைமை கண்டே தீர்க்கப்பட வேண்டும். நலன்கள் மோதுமிடத்து மிகப் பலருக்கு மிகுந்த நன்மை எதுவோ அதுவே முடிவாக வேண்டும் என்பன அதன் சாரம். பலர் நலம் என்னும் கோட்பாடு முன்னரே அறிஞர் வகுத்தது. நெடுங்கால நோக்கில் என்று அதனோடு ஒரு சொற்றொடரை அவர் கூட்டினார். பிறவாத பிள்ளைகளையும் அச்சொற்றொடர் பங்காளராக்கிற்று.

அவர் அமைத்த நிருவாகம் ஆராயத்தக்கது. சட்டைப் பையில் அடங்கும் சிறு கைந்நூல் ஒன்றை அச்சிட்டுக் காவலர் ஒவ்வொருவருக்கும் கொடுத்தார். யாருக்கு எது உரிமை, எதற்கு அனுமதி வேண்டும், எதற்குப் பணம் செலுத்த வேண்டும் என்பதைக் காவலரும் அறிவர்; அதனை வாசித்த குடியானவனும் அறிவான். காவலரைத் தேர்வதற்கு எழுத்துப் பரீட்சையுடன் செய்கைப் பரீட்சையும் நடந்தது. குதிரைக்குச் சேணம் பூட்டிப் பொதியேற்றவும், கோடரி பிடிக்கவும், சமைத்து உண்ணவும் வல்லவரே தேறினர். 1908இல் நிருவாகத்தை ஆறு பிரதேசங்களாகப் பகுத்து, டென்வர், ஒக்டன், மிசூலா, அல்புகேர்க்கி, சான்பிரான்சிஸ்கோ, போட்லண்ட் ஆகிய நகரங்களிலே கந்தோர்களை நிறுவினார். தலைநகரிலிருந்து ஒரு மரத்தைப் பற்றி முடிவு வரும்வரை மலைவாசி காத்திருக்கலாகாது என்பதே அதன் கருத்து. கச்சேரிப் படிகளிலே காத்துக் கால் கடுத்தவர்கள் இதன் அருமையை அறிவர்.

எதிர்ப்பு மேய்ச்சலால் எழுந்தது. அதுவரை எவரும் எத்தனை மந்தையையும் பொதுநிலத்தில் விடலாம். வலியவன் மந்தை புல்லை முடித்துவிடும். எளியவன் பசு எலும்பாய் நிற்கும். 1906 முதல் தலைக்கு இவ்வளவு சதம் என்று கட்டணம் விதித்து, அனுமதியில் அயலிலுள்ள சிறு குடியானவருக்கு முதலிடம் அளித்தார் பின்ஷோ. பெருமந்தைக்காரர் வெகுண்டனர், வழக்குத் தொடர்ந்தனர். 1911இல் உயர் நீதிமன்றம் இரண்டு வழக்குகளிலும் அரசாங்கத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. பொதுநிலம் மக்கள் முழுவதற்குமாக அரசாங்கம் பொறுப்பேற்று வைத்திருக்கும் சொத்து என்னும் கொள்கை அத்தீர்ப்புகளால் வலுப்பெற்றது. காட்டு வருமானத்தில் ஒரு பங்கு அவ்வப் பகுதிப் பள்ளிக்கூடங்களுக்கும் தெருக்களுக்கும் செல்ல வேண்டுமென 1906இல் விதி வந்தது. நூற்றுக்குப் பத்தாயிருந்த அப்பங்கு 1908இல் இருபத்தைந்தாயிற்று. அயலவனுக்கும் ஆதாயம் உண்டானாலன்றி அவன் காவலுக்குத் துணைவரான் என்பது தெளிவு.

1907இல் நடந்த நிகழ்ச்சி புகழ்பெற்றது. ஒறெகன் உறுப்பினர் புல்ற்றனின் முயற்சியால், வடமேற்கிலும் அதனை அடுத்தும் உள்ள ஆறு மாநிலங்களில் இனி ஜனாதிபதி புதிய ஒதுக்கக் காடுகளைப் பிரகடனஞ் செய்யலாகாது என்னும் விதி வரவு செலவு மசோதா ஒன்றுடன் இணைந்து நிறைவேறிற்று. றூஸ்வெல்ற் ஒப்பமிடச் சில தினங்களே இருந்தன. பின்ஷோவின் உத்தியோகத்தர் இரவு பகலாகப் படங்களை விரித்து எல்லை வரைந்தனர். ஒப்பத்துக்கு முன்பாகவே ஏறக்குறைய 1 கோடியே 60 இலட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டது. சட்டப்படி அது குற்றமன்று, காடும் பிழைத்தது. ஆயினும் மக்கள் பிரதிநிதிகள் அடைத்த கதவின் வழியே, பூட்டு விழுமுன் நுழைந்த செயல் அது. நல்லவர் கையில் நன்மை செய்த அவ்வழக்கம், அல்லாதார் கையில் என்ன செய்யும் என்று எண்ணாதிருக்க என்னால் இயலவில்லை.

1905இல் ஏறக்குறைய 6 கோடி ஏக்கராயிருந்த தேசியக் காடுகள் 1910இல் 17 கோடி ஏக்கராய்ப் பெருகியிருந்தன. ஆனால் பொதுநலம் என்னும் சொல் எல்லாரையும் ஒன்றாக்கிவிடவில்லை. காடுகளைக் கோயிலென வணங்கிய ஜோன் மூயர் என்பார் முதலிற் பின்ஷோவுக்கு நண்பர். யொசெமிற்றித் தேசிய வனத்திலுள்ள ஹெச் ஹெச்சிப் பள்ளத்தாக்கை அணைகட்டி நீரில் ஆழ்த்தி, சான்பிரான்சிஸ்கோ நகரத்துக்குக் குடிநீர் கொடுப்பதா என்னும் பிரச்சினையில் இருவரும் எதிரெதிரே நின்றனர். பலர் தாகமே பெரிதென்றார் பின்ஷோ. ஈடற்ற அழகை அழித்தல் பாவமென்றார் மூயர். 1913இல் அணைக்கு அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டிறுதியில் மூயர் மறைந்தார்.

இவ்விருவர் வாதத்திலும் இடம்பெறாத ஒரு கூட்டத்தார் இருந்தனர். அரசாங்க நிலம் என்பது அரசாங்கம் படைத்த நிலமன்று. அது செவ்விந்தியக் குடிகளிடமிருந்து உடன்படிக்கையாலும் போராலும் பறிப்பாலும் வந்தது. நியூமெக்சிக்கோவிலே தாவோஸ் புவெப்லோ மக்கள் தம் வழிபாட்டுக்குரிய தெய்வப் பொய்கையாகக் கொண்ட நீல ஏரியும் அதைச் சூழ்ந்த நிலமும் 1906இல் ஒதுக்கக் காட்டிற் சேர்க்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்களைக் கேளாமலே, காப்பதற்காக அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது! நட்டஈடாகப் பணம் பெற அம்மக்கள் இசையவில்லை; நிலத்தையே கேட்டனர். 1970 டிசம்பரில் 48,000 ஏக்கர் அவர்களுக்கு மீண்டது. அறுபத்துநான்கு ஆண்டுகள்! மிகப் பலர் என்று கணக்கிடும்போது, எண்ணிக்கையிற் சிறியவர் விடுபட்டுப் போவர் என்பதைப் பின்ஷோவின் சூத்திரம் கண்டிலது. அவருடைய வரலாற்றிலே என் மனத்தை மிக உறுத்தும் பகுதி இதுவே.

அவருடைய வீழ்ச்சியும் பொதுநிலத்தின் பொருட்டே நேர்ந்தது. றூஸ்வெல்ற்றின் பின் ஜனாதிபதியான ராவ்ற்றின் ஆட்சியில், அலாஸ்காவின் நிலக்கரி நிலங்களை ஒரு குழுவினர் முறைகேடாகப் பெற உள்நாட்டு அமைச்சர் பலிஞ்சர் இடங்கொடுக்கின்றார் என்று கிளாவிஸ் என்னும் உத்தியோகத்தர் முறையிட்டார். அவர் வேலை பறிபோயிற்று. பின்ஷோ அவரை ஆதரித்துச் செனற் உறுப்பினர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அது சபையில் வாசிக்கப்பட்டது. மறுநாள், 1910 ஜனவரி 7ஆந் திகதி, ராவ்ற் அவரைப் பதவி நீக்கினார். காங்கிரஸ் விசாரணைக் குழுவின் பெரும்பான்மையினர் பலிஞ்சர் குற்றமற்றவர் என்றனர். முப்பது ஆண்டுகளின் பின் அதே பதவியிலிருந்த அமைச்சர் இக்கிஸ் ஆராய்ந்து, பலிஞ்சருக்கு அநீதி இழைக்கப்பட்டதென்றே எழுதினார். பொதுச் சொத்தைக் காப்பவனின் ஐயம் சில வேளை நேர்மையாளனையும் சுடும்.

அவ்வாண்டு ஆகஸ்ட் 20, 21ஆந் திகதிகளில் ஐடகோ, மொன்ரானா மாநிலங்களிலே பெருந்தீ மூண்டு, 30 இலட்சம் ஏக்கர்வரை எரித்தது. அணைக்கச் சென்றோர் உட்பட எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அத்தியாகம் நாட்டின் நெஞ்சைத் தொட்டது. அடுத்த ஆண்டே, கிழக்கு மாநிலங்களிற் காட்டுநிலத்தைத் தனியாரிடமிருந்து விலைக்கு வாங்கவும் சட்டம் வந்தது. பின்ஷோவின் வழிவந்தோர் எழுந்த தீ எதையும் உடனே அணைப்பதே கடமையெனக் கொண்டனர். சிறு தீக்களை அணைத்து அணைத்துச் சருகும் புதரும் மண்டிப் பெருந்தீக்கு இரையாயின என்பதும், செவ்விந்தியர் முறையாக இட்ட சிறு தீ காட்டுக்கு நன்மையே செய்தது என்பதும் பின்னரே தெளிந்த உண்மைகள். முன்னிருந்தவரைக் கேளாத குறை இங்கும் வெளிப்பட்டது.

1914இற் கோர்ணேலியா பிறைஸ் என்னும் பெண்ணுரிமைப் போராளியை மணந்த பின்ஷோ, 1923 முதல் 1927 வரையும், 1931 முதல் 1935 வரையும் பென்சில்வேனியாவின் தேசாதிபதியாயிருந்தார். மின்சாரம் சில கம்பனிகளின் பிடியில் அகப்படலாகாதென வாதிட்டுத் தோற்றார். 1931இல் ஏறக்குறைய 20,000 மைல் கிராமத் தெருக்களை மாநிலத்தின் பொறுப்பில் ஏற்று, குடியானவரின் வண்டிகளைச் சேற்றிலிருந்து மீட்டார். அப்பணி நாடு வறுமையில் வாடிய காலத்திலே வேலையற்றோர் பலருக்கு உணவும் அளித்தது.

1946ஆம் ஆண்டு ஒக்ரோபர் 4ஆந் திகதி அவர் காலமானார். எழுதி முடித்த தன்வரலாறு மறு ஆண்டு அச்சேறிற்று. 1949இல் வாஷிங்டன் மாநிலத்துத் தேசியக் காடொன்று அவர் பெயர் பெற்றது. அவர் நிறுவிய காட்டுப் பகுதி இன்று 19 கோடி ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை ஆளுகின்றது. அந்நிலத்தை விற்பதா வைப்பதா என்னும் வழக்கும் அந்நாட்டில் ஓயவில்லை.

மரம் வெட்டிச் சேர்த்த குடும்பச் செல்வத்தால் மில்போட்டிலே 1886இல் எழுந்த அவர்தம் மாளிகை, கற்கோபுரங்களோடு குன்றின்மேல் நிற்கின்றது. அவர் குடும்பத்தார் அதனை 1963இல் காட்டுப் பகுதிக்கே கொடுத்துவிட்டனர். ஜனாதிபதி கெனடி அவ்வாண்டு செப்டெம்பரில் அங்கு சென்று அதனைப் பொதுப்பணிக்கு அர்ப்பணித்தார். அன்று மொட்டையாயிருந்த அக்குன்றை இன்று மரங்கள் மூடியுள்ளன. எவரும் அங்கே சென்று நிழலில் நடக்கலாம். வாயிலிலே காவலர் ஒருவர் இருப்பார். கூரை ஒழுகினால் அதனைச் செப்பனிடும் பொறுப்பும் அவர்தம் கந்தோருக்கு உண்டு. எல்லாருக்கும் உரியது என்பதன் பொருளை அதனினும் எளிதாக விளக்க நான் அறியேன்.